செமினரி மணிக்குக் கூடிய கூட்டம்

அம்பிட்டியவில் சாமி இல்லை என்று சொன்னவர்களின் கூட்டம், செமினரி மணி அடித்த பிறகுதான் தொடங்கும். எங்களில் இரண்டு பேரிடம்தான் கைக்கடிகாரம் இருந்தது. இரண்டும் இரண்டு நேரம் காட்டின. ஆகவே சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் குருமடத்து மணிச் சத்தம் கேட்டதும் டெய்லர் அண்ணன் சில்லில் கையை வைத்து மெஷினை நிறுத்துவார். பாதி தைத்த காற்சட்டை ஊசியிலேயே தொங்கும். செயலாளர் தன் சி.ஆர். கொப்பியைத் திறந்து திகதி போடுவார். மாதாவை நினைத்துச் செபிக்க அடித்த மணி எங்களுக்கும் உதவிற்று.

கண்டி வாவிக்கரையை விட்டு மேலே ஏறினால் இரண்டு மூன்று மைலில் அம்பிட்டிய. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்துச் சுதேசக் குருமாரை உருவாக்கவென்று பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893இல் இங்கேதான் ஒரு குருமடத்தை ஏற்படுத்தினார். பெல்ஜிய யேசு சபையினர் நடத்தினார்கள். 1955இல் அது பூனாவுக்குப் போய்விட, இலங்கைக்கான தேசிய குருமடம் அந்த இடத்துக்கு வந்தது. இப்படி ஓர் ஊரில் நாத்திகம் பேச ஆசைப்பட்டது எங்கள் குசும்பு என்று நினைக்க வேண்டாம். டெய்லர் கடையின் பின்னறைக்கு வாடகை கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தோட்டம் அதற்கும் மேலே, தலாத்துஓயாப் பக்கம். அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை, அம்மா கொழுந்து பறிப்பவர். நான் கண்டியில் பத்தாவது வரை படித்துவிட்டு, லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து எந்த வேலைக்கு மனுப்போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த 1973இல், கணக்கப்பிள்ளை ஐயாதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "படிச்ச புள்ள சும்மா இருக்கக் கூடாது தம்பி. வா, சாமி இருக்கா இல்லையான்னாவது பேசலாம்."

வழமையாக ஏழு பேர். மழையில்லாத சனிக்கிழமைகளில் ஒன்பது. டெய்லர் அண்ணன் சிங்களவர். "எங்களுக்குப் படைத்தவன் என்று ஒருத்தனே கிடையாது, நான் எதற்குப் புதிதாக நாத்திகனாக வேண்டும்?" என்று சிரிப்பார். ஆனால் மகனுக்குக் காய்ச்சல் வந்தால் பன்சலைக்குப் போய்ப் பிரித் நூல் கட்டிவிடுவார். கட்டியதை அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் வந்து தானே சொல்லவும் செய்வார். அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம், திரைக்கு அந்தப் பக்கம் பிளேன்டீ ஊற்றுவார். ஒருநாள் உடைந்த தமிழில் கேட்டார்: "சாமி இல்லேன்னு பேசி முடிச்சு எங்க போறீங்க? வீட்டுக்குத்தானே? அங்க சாமி கும்பிட்ட ஒருத்தி சமைச்சு வெச்சிருப்பா." யாரும் பதில் சொல்லவில்லை. பத்து வருடம் நடந்த கூட்டத்தில் ஒரு பெண்ணைக்கூட நாங்கள் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

கணக்கப்பிள்ளை ஐயாதான் எங்களில் மூத்தவர். 1932இல் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பும் வழியில் பெரியார் கொழும்பில் இறங்கிப் பேசியதைத் தன் அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர். பிறகு இளஞ்செழியன் நடத்திய இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் மலையகத் தோட்டங்களில் பரவியபோது கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டங்களுக்கு வாங்கு தூக்கினார். 1962இல் அரசு கழகத்தைத் தடை செய்தது. அன்று ராத்திரி காகிதங்களை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டுச் சட்டையை மட்டும் தகரப்பெட்டிக்கு அடியில் வைத்தாராம். அந்தப் பெட்டியைத் திறந்தால் பூச்சி உருண்டை வாசம் அடிக்கும்.

1971 கிளர்ச்சி அடங்கி அதிக நாள் ஆகவில்லை. இளந்தாரிகள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் சந்தேகம் வரும் காலம். அதனால் கதவைத் திறந்தே வைத்தோம். ஒருமுறை ஒரு பொலிஸ்காரர் உள்ளே வந்து கொப்பியைப் புரட்டினார், தேநீர் குடித்தார், காற்சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். அதையும் செயலாளர் எழுதினார்: "விருந்தினர்: 1."

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செயலாளர் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பவர். றாத்தல் கணக்கு எழுதிப் பழகிய கை. வந்தவர் யார், பேசியது யார், டின்னில் விழுந்த காசு எவ்வளவு, எல்லாம் ஒழுங்காக நிற்கும். 1973, 74இல் பாண் வரிசையில் விடியற்காலை யார் எந்த நாள் நிற்பது என்ற முறைகூட அதில்தான் இருந்தது. மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்து தோட்டங்களில் சனங்கள் பட்டினியில் சுருண்ட காலம் அது. கூட்டத்தில் அவித்த மரவள்ளியும் கட்டைச் சம்பலும் இருக்கும். சிலர் கடவுள் இல்லை என்பதைவிட மரவள்ளி இருக்கிறது என்பதற்காக வந்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல் மாதம் நானும் அப்படித்தான்.

மற்ற நாட்களில் பாஸ்போர்ட் கடிதம், பிரஜாவுரிமைப் படிவம், அரசாங்கத்துக்கு எழுதும் மனு. ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தான சங்கத்தின் படிவங்களையும் நிரப்பினோம். 1964இலிருந்தே இலங்கைக் கண்கள் வெளிநாடு போய்க்கொண்டிருந்தன. "பாஸ்போர்ட் இல்லாமலே போகுது பாரு" என்பார் ஐயா. நாடற்றவர்களாக இருந்த எங்களுக்கு அந்தப் பகிடி புரியும்.

எங்களுடைய பகுத்தறிவுக்குக் கொழும்பிலிருந்து எண்ணெய் ஊற்றியவர் ஏப்ரகாம் கோவூர். கேரளத்துத் திருவல்லாவில் ஒரு பாதிரியார் வீட்டில் 1898இல் பிறந்தவர். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் படிப்பிக்க வந்து இந்த நாட்டிலேயே தங்கிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு பகுத்தறிவாளர் சங்கத்துக்குத் தலைவரானார். மோசடிக்கு இடமில்லாத முறையில் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். பேய் பிடித்தவர்கள், கல்லெறி விழுந்த வீடுகள் என்று அவர் துப்புத் துலக்கிய கதைகளில் ஒன்று மலையாளத்தில் புனர்ஜன்மம், தமிழில் மறுபிறவி என்று படமாகவும் வந்தது. எனக்குப் பிடித்தது கடிகாரக் கதை. ஜப்பானின் சீக்கோ கம்பனித் தலைவர் பெட்டகத்தில் வைத்திருந்த கடிகாரத்தைச் சாயி பாபா காற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்று பெரிய விஞ்ஞானி ஒருவரே சொல்லிக்கொண்டிருந்தார். கோவூர் செய்தது என்ன? வாதாடவில்லை. அந்தத் தலைவருக்கே ஒரு கடிதம் எழுதிக் கேட்டார். அப்படி ஒருவரை நான் சந்தித்ததே இல்லை என்று பதில் வந்தது. கேட்டுப் பார்ப்பது என்கிற இந்தச் சின்ன விஷயம் எங்களை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. நாங்களும் எதையாவது சோதித்துப் பார்க்க வேண்டும்.

குருமடத்துப் பிரதர்மார் இரண்டு மூன்று பேரும் வருவார்கள். வெள்ளை அங்கி இல்லாமல், கோடு போட்ட சேட்டோடு. அவர்களில் மன்னார்ப் பக்கத்துப் பிரதர் ஒருவர் மெய்யியல் படித்துக்கொண்டிருந்தார். அற்புதங்களை ஏன் நம்பக் கூடாது என்று டேவிட் ஹியூம் சொன்ன காரணத்தை எங்களுக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். அக்குவினாஸ் கடவுள் உண்டு என்று நிறுவும் முன் கடவுள் இல்லை என்பவர்களின் வாதத்தை முதலில் எழுதி வைக்கிறார் என்று காட்டினார். எங்கள் கட்சியை எங்களைவிடத் திறமாக வாதாடிவிட்டு, செபத்துக்கு நேரமாகிறது என்று எழும்பிப் போவார். நாங்கள் வென்றோமா தோற்றோமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம்.

சோதனைக்கு வருகிறேன். 1975 பங்குனி. எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு இரண்டு கிழமை இருந்தது. தீமிதிப்பை வைத்து கொழும்பில் கார்லோ பொன்சேகா செய்த ஆராய்ச்சி எங்களுக்குத் தெரிந்திருந்தது. மருத்துவ பீடத்தில் உடற்றொழிலியல் படிப்பித்தவர். விரதமும் பக்தியும் இல்லாமல், பன்றி இறைச்சி தின்று சாராயம் குடித்தவர்களும் கங்கில் நடக்கலாம் என்று பகுத்தறிவாளர்களோடு சேர்ந்து காட்டினார். கால் தணலில் படும் நேரம் கொஞ்சம், உள்ளங்காலின் தோல் தடிப்பு, அவ்வளவுதான் சங்கதி என்று 1971இல் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். எங்கள் தோட்டத்திலேயே அதைச் செய்து காட்டுவோம் என்று முடிவு செய்தோம். பன்றிக்குக் காசில்லை. கருவாடு தின்றுவிட்டு இறங்கினோம்.

பழைய லயத்துக்குப் பின்னால் குழி வெட்டினோம். கவ்வாத்து முடிந்த காலம், மலையெல்லாம் வெட்டிப்போட்ட மிலாறு. அள்ளிக் கொண்டுவந்து கொளுத்தினோம். நெருப்பு ஆளுயரத்துக்கு எழும்பிச் சடசடவென்று எரிந்து கால் மணி நேரத்தில் சாம்பலாகிப் போனது. மறுபடி கொளுத்தினோம். மறுபடி சாம்பல். லயத்துச் சனம் முழுக்கக் கூடிவிட்டது. பூசாரியும் வந்தார். எங்களைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் குழியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"இதுல ஆடுகூட நடக்காது. மிலாறு சும்மா பத்திக்கும், கங்கு நிக்காது. கட்டை வேணும்."

அவரே இரண்டு பையன்களை அனுப்பிக் கட்டை கொண்டுவரச் செய்தார். எரிந்து முடியும்வரை யாரையும் கிட்டவிடவில்லை. பிறகு நீளக் கம்பால் தணலை இழுத்துப் பரப்பினார். துருத்தி நின்ற கட்டைகளைத் தள்ளினார். மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினார். ஆணி கிடந்தால் பொறுக்கினார். மேலே சாம்பல் மெல்லிசாகப் பூக்கும்வரை காத்திருந்தார். அதன் பிறகு என் தோளைப் பிடித்து, "ஓடாத. நிக்கவும் கூடாது. நடந்துக்கிட்டே இரு. நின்னா அம்மாவும் காப்பாத்த மாட்டா" என்றார்.

பொன்சேகா சஞ்சிகையில் எழுதியது அந்த ஆளுக்குக் கையில் இருந்தது. நாங்கள் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. எங்களுக்கு அப்போது அவர் எதிர்க்கட்சி.

மூன்று பேர் நடந்தோம். செயலாளர் போனார், ஒன்றுமில்லை. எங்கள் கூட்டத்து ஸ்டோர் பிட்டர் போனார், ஒன்றுமில்லை. நான் பாதி வழியில் கூட்டத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு கணம், ஒரே கணம், கால் தயங்கியது. விரலிடுக்கில் ஒரு கங்கு ஒட்டிக்கொண்டது. மறுநாள் வலது காலில் கோழிமுட்டை அளவில் கொப்புளம். பிட்டரும் செயலாளரும் பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு மலை ஏறியவர்கள். அவர்கள் உள்ளங்கால் டயர் மாதிரி. நான் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போட்டுப் போனவன். படித்ததற்குக் கிடைத்த கூலி என்று அப்பா சிரித்தார்.

கொப்பியில் இப்படி எழுதியிருந்தது: "மூவர் நடந்தனர். ஒருவருக்குக் கொப்புளம். நிரூபிக்கப்பட்டது." லயத்தில் பேசியது வேறு. கருவாடு தின்னவனையும் அம்மா கரை சேர்த்துவிட்டாள், அந்தச் சின்னவனுக்கு மட்டும் லேசாகக் கிள்ளிவிட்டாள் என்றார்கள். அந்த வருடம் தீமிதிக்க முன்பு எந்த வருடமும் வராத கூட்டம் வந்தது.

கோவூரை அம்பிட்டியவுக்கு ஒருமுறை கூப்பிட வேண்டும் என்று அதற்குப் பிறகு பேச்சு வந்தது. அவரை அழைத்துவர வாகனச் செலவுக்கென்று ஒரு நெஸ்டமோல்ட் டின்னில் தனியாகக் காசு சேர்த்தோம். 1977 ஆவணிக் கலவரம் வந்தது. சில சனிக்கிழமைகள் கூடவில்லை. டின் டெய்லர் அண்ணனிடம் பத்திரமாக இருந்தது. 1978 செப்டம்பர் 18ஆம் திகதி கோவூர் இறந்துபோனார். மாலை போட ஒரு சமாதிகூட இல்லை. கண்களைத் தானம் செய்துவிட்டார். உடல் மருத்துவ மாணவர்களுக்கு. எலும்புக்கூடு, அவர் படிப்பித்த துர்ஸ்டன் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்கு. அந்தச் சனிக்கிழமை இதை வாசித்து முடித்ததும் கணக்கப்பிள்ளை ஐயா எழும்பி, "எழுதிக்க செயலாளரே, எனக்கும் இதேதான்" என்றார். பேராதனையில் 1962இலிருந்து மருத்துவ பீடம் இருக்கிறது, கொழும்புவரை போகத் தேவையில்லை என்றும் சொன்னார். கொப்பியில்: "கைதட்டல்."

1980 பெப்ரவரி 16, சூரிய கிரகணம். அதுவும் சனிக்கிழமை. கிரகண நேரத்தில் சாப்பிடக் கூடாது என்பார்கள்; நாங்கள் பின்வளவில் சோறும் உருளைக்கிழங்குக் கறியும் சமைத்து எல்லோரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் பக்கம் பாதிக் கிரகணம்தான். வளவில் நின்ற முள்ளுமுருங்கையின் இலைகளுக்கூடாக விழுந்த வெயில், தரையெல்லாம் சின்னச் சின்னப் பிறையாக மாறியது. ஐயாவின் வேட்டியில் பிறை, சோற்றுத் தட்டில் பிறை. பிள்ளைகள் அவற்றைப் பிடிக்க ஓடினார்கள். செயலாளரின் மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. அவரும் வெளியே வந்து பார்க்கப் புறப்பட்டார். எங்கள் செயலாளர், தீயில் முதலாவதாக நடந்த மனுசன், "நீ உள்ள இரு" என்றார். மனைவி கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தார். கொப்பியில் இது இல்லை. நான் பிறகு தேடிப் பார்த்தேன்.

அதே வருடம் ஐப்பசி மழையில் ஐயா போனார். வாக்கு வாக்குதான். ஆனால் வீட்டில் மகள் இருந்தாள், லயம் இருந்தது. தப்புக்காரர்கள் வந்து வாசலில் காத்திருந்தார்கள். குழி வெட்டுகிறவன் மண்வெட்டியோடு வந்துவிட்டான். பெண்கள் அழுதது அவருக்காகவா, ஒரு பிடி மண் போட முடியவில்லையே என்பதற்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தப்பு அடிக்கலாமா கூடாதா என்று எங்களுக்குள் மழையில் நின்று சண்டை. முடிவில் மகள்தான் சொன்னாள்: "அடிக்கட்டும். அப்பாவுக்குத் தப்புன்னா பிடிக்கும். சாமிக்கில்ல, அவருக்கு."

கறுப்புச் சட்டையைப் போட்டுவிட்டோம். கோவூருக்குச் சேர்த்த டின்னை உடைத்து வேன் பிடித்தோம். பேராதனையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஐயாவை உள்ளே கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் ஓர் ஊழியர் திரும்பி வந்து, மடித்த சட்டையை என் கையில் தந்தார். பூச்சி உருண்டை வாசம் அப்போதும் இருந்தது. வேன்காரன் போய்விட்டான். அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இ.போ.ச. பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் பதிலாகப் படத்திறப்பு. பெரியார் இயக்கக்காரர்கள் கண்டுபிடித்த நல்ல வழக்கம் அது. ஆனால் ஐயாவுக்குப் படம் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க எடுத்த ஒரு சின்னப் படம்தான் இருந்தது. போவதில்லை என்று அனுப்பாமலே வைத்திருந்தார். அதைப் பெருப்பித்தோம். டெய்லர் கடையில் கூடினோம். மன்னார்ப் பிரதரும் வந்து, பேசச் சொல்லியும் பேசாமல், பின்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தார். அக்கா ஒரு விளக்கைக் கொண்டுவந்து படத்துக்கு முன் வைத்தார். மறுபடி வாக்குவாதம். கொப்பியில் எழுதியது எனக்கு மனப்பாடம்: "விளக்கு ஏற்றப்பட்டது. ஆட்சேபம் 2. அறையில் வெளிச்சம் போதாமையால் அனுமதிக்கப்பட்டது."

1981இல் செயலாளர் குடும்பம் இந்தியாவுக்குப் போனது. கண்டி ஸ்டேஷனில் ஒப்பாரிக் கோச்சியில் ஏற்றிவிடப் போனோம். போகிறவர்களும் இருக்கிறவர்களும் சன்னலைப் பிடித்துக்கொண்டு அழுவதால் அந்த வண்டிக்கு அந்தப் பெயர். கொப்பிகள் கூட்டத்துக்குச் சொந்தம், விட்டுவிட்டுப் போ என்று கேட்டோம். "செயலாளர் இருக்கிற எடத்துலதான் கொப்பி இருக்கணும்" என்று மூன்றையும் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது, கோத்தகிரியிலிருந்து ஒன்று. 1983 யூலைக் கலவரத்தின்போது டெய்லர் அண்ணன் எங்கள் குடும்பத்தை வெட்டுத்துணிகளுக்கு நடுவே இரண்டு ராத்திரி மறைத்து வைத்தார். அதற்குப் பிறகு கூட்டம் கூடவில்லை. கடிதமும் வரவில்லை.

எனக்கு எழுபது கடந்துவிட்டது. நீலகிரியில், கோத்தகிரி கூடலூர்ப் பக்கம், இலங்கையிலிருந்து போனவர்களின் வீட்டுப் பரணில் நீல மையில் எழுதிய மூன்று சி.ஆர். கொப்பிகள் கிடக்கலாம். முதல் பக்கத்தில் "அம்பிட்டிய, சனிக்கிழமை, மாலை 6" என்று இருக்கும். கண்டால் தயவுசெய்து பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். எங்கள் பேர்கள் எல்லாம் சேர்ந்து எழுதப்பட்டிருக்கும் இடம் அது ஒன்றுதான்.